ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பும்போது எதை எடுத்து வருவது?

கேள்வி: ஒலியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, ஆறு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பேச்சோடு கலந்திருக்கும் இரைச்சலைப் பிரித்தெடுக்கும் அல்காரிதம்கள்தான் என் துறை. வயது 34. இரவில் வீட்டில் உட்கார்ந்து தெரிந்தவர்களின் குறும்படங்களுக்குச் சவுண்ட் டிசைன் செய்து பார்க்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் பகல் முழுக்கக் காத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டுத் தனியாக இறங்கலாமா? இத்தனை வருட ஆய்வு வீணாகிவிடுமா? புதிதாக ஏதாவது படிக்க வேண்டுமா? நான் செய்த ஒன்றரை நிமிடக் காட்சி ஒன்றை இணைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்:

வணக்கம்.

நீங்கள் அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். ஒரு தடவை ஸ்பீக்கரில், ஒரு தடவை ஹெட்ஃபோனில், கடைசியாகப் படத்தை மூடிவிட்டு வெறும் சத்தமாக. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். சுலபமான கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். புதிய படிப்பு வேண்டாம். வேலையை இந்த மாதமே விடவும் வேண்டாம். ஆய்வு வீணாகுமா என்பதற்கு மட்டும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் அதில் பாதி உண்மையிலேயே வீணாகத்தான் போகும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் முதல் இரண்டு வருடம் மிச்சமாகும்.

நானும் இந்த வழியில் வந்தவன்தான். எட்டு ஆண்டுகள் அறை ஒலியியலில் ஆய்வு செய்தேன். இந்தப் பக்கம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வரும்போது கையில் எடுத்து வந்தவை: அறையின் எதிரொலியைச் செயற்கையாக உண்டாக்க நானே எழுதிய ரிவெர்ப் நிரல் ஒன்று, அறை அறையாகப் போய் அளந்து சேர்த்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் பதிவுகள் (ஒரு சின்னச் சத்தத்துக்கு அந்த அறை எப்படி ஒலிக்கிறது என்ற பதிவு) நூற்றுக்கும் மேல், அப்புறம் ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகள். இதையெல்லாம் பார்த்தால் யாராக இருந்தாலும் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இன்றுவரை ஒருவர்கூட அந்த ரிவெர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையில் விற்கிற பிளக்-இன் (ஒலி மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) எல்லாவற்றிலும் அதைவிட நல்லது இருக்கிறது.

முதல் வேலையில் ஒரு கதவு வந்தது. பழைய வீட்டு வாசற்கதவு, ஒரு கதாபாத்திரம் அதை மூடிவிட்டு உள்ளே போகும். அவ்வளவுதான் காட்சி. இயக்குநர் கேட்டுவிட்டு, “கதவு இன்னும் கனமாக இருக்கணும்” என்றார். கனம் என்றால் தாழ் அதிர்வெண் என்று எனக்குத் தெரியும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டெசிபல் ஏற்றினேன். இல்லை என்றார். 45 ஹெர்ட்ஸில் தனியாக ஒரு ‘தொம்’ சேர்த்தேன். “சத்தம்தான் பெரிசாச்சு, கதவு பெரிசாகலையே” என்றார். மூன்று மணி நேரம் இப்படியே போனது. அறையின் மூலையில் வேறு ஒரு ரீலை வெட்டிக்கொண்டிருந்த மூத்த சவுண்ட் எடிட்டர் நாற்காலியோடு நகர்ந்து வந்தார். நான் ஏற்றியதையெல்லாம் எடுத்துவிட்டார். கதவு மூடுவதற்கு அரை விநாடி முன்னால் கீல் முனகும் சத்தம் ஒன்றை மெல்ல வைத்தார். மூடிய பிறகு, சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டம் ஒன்று நடுங்கி அடங்குகிற சின்னச் சத்தம். நடுவிலிருந்த கதவுச் சத்தத்தை நான் முதலில் வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் குறைத்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். “இதுதான்” என்றார் இயக்குநர்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் செய்ததை என் பழைய மொழியில் சொன்னால் ஒரு நல்ல கருதுகோள்: ஒரு பொருளின் எடையைக் காது அந்தப் பொருளின் நிறமாலையிலிருந்து மட்டும் கணிப்பதில்லை, அது பக்கத்தில் எதையெல்லாம் அசைக்கிறது என்பதிலிருந்தும் கணிக்கிறது. இதை நிரூபிக்க எனக்கு இரண்டு வருடமும் இருபது கேட்பவர்களும் வேண்டியிருந்திருக்கும். அவருக்கு நிரூபணம் தேவைப்படவில்லை. சரியாக இருந்தது, அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

உங்களுக்கு முதலில் இடிக்கப் போவது இந்த இடம்தான். அல்காரிதம் எழுதுபவர் என்பதால் இன்னும் பலமாக இடிக்கும். ஆய்வில் ஒருவருடைய காது என்பது ஒரு தரவுப் புள்ளி. இருபது பேரை உட்கார வைத்து, எது அசல் என்று சொல்லாமல், மஷ்ரா என்ற கேட்புச் சோதனை முறையில் நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, சராசரி எடுப்போம். மறைத்து வைத்த அசலுக்கே திரும்பத் திரும்பக் குறைந்த மதிப்பெண் போடுகிற ஆளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவோம். இங்கே அந்த ஆள்தான் இயக்குநர். அவரை நீக்க முடியாது. அவர் “கொஞ்சம் சோகமா இருக்கு, இவ்வளவு வேண்டாம்” என்று ஒரு மின்விசிறிச் சத்தத்தைப் பற்றிச் சொல்வார். அதைச் சுருதியிலும் வேகத்திலும் அளவிலும் மொழிபெயர்த்து அடுத்த பத்து நிமிடத்துக்குள் மூன்று மாற்றுகளை அவர் முன்னால் வைக்க வேண்டும். ஏன் சோகம் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இன்னொரு பழக்கமும் விட வேண்டும். ஆய்வில் ஒரு வேலை முடிந்தது என்று நாம்தான் முடிவு செய்கிறோம்; இன்னும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடலாம். இங்கே தேதிதான் முடிவு செய்யும். மிக்ஸிங் அறை புதன்கிழமைக்கு எடுக்கப்பட்டிருந்தால் செவ்வாய் இரவு உங்கள் டிராக்குகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதுதான் படம். நான் முதல் படத்தில் மழைக் காட்சி ஒன்றுக்கு நான்கு நாள் செலவழித்தேன். பிரமாதமான மழை. கடைசி ரீலுக்கு ஆம்பியன்ஸே, அதாவது இடத்தின் பின்னணிச் சத்தமே, போடாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சரி, வீணாகாத பாதிக்கு வருவோம்.

எனக்கு முதன்முதலில் இரண்டாவது தடவையாக வேலை கொடுத்த வாடிக்கையாளர் எதற்காக வந்தார் தெரியுமா? ஒரு நேர்காணல் ஆவணப்படம். “குரல் ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கு, அவர் தலையைத் திருப்பும்போது இன்னும் மோசம். ரெண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தாச்சு, ஈக்யூ போட்டுப் பார்த்தாங்க, சரியாகல” என்றார். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சட்டையில் குத்திய மைக்கையும் தலைக்கு மேலே பிடித்த பூம் மைக்கையும் ஒன்றாகக் கலந்து ஒரே டிராக்காக்கி இருக்கிறார்கள். வாயிலிருந்து ஒன்று 20 சென்டிமீட்டர், மற்றது 1.2 மீட்டர். ஒரு மீட்டர் வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 2.9 மில்லி விநாடித் தாமதம். அதனால் 170, 515, 860 ஹெர்ட்ஸ் என்று சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பள்ளம் விழும். தலை திரும்பினால் தூரம் மாறும், பள்ளங்களும் இடம் மாறும். எந்த ஈக்யூவாலும், அதாவது அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவியாலும், அதை நிரப்ப முடியாது. அசல் பதிவுகளை வாங்கி, தனித்தனியாக இருந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், தேவைப்பட்ட இடத்தில் மற்றதை நகர்த்திப் பொருத்தினேன். அரை நாள் வேலை. அவர் அதற்குப் பிறகு வேறு யாரிடமும் போகவில்லை.

நம்மிடம் இருக்கிற சரக்கு இதுதான். எங்கே என்ன கெட்டிருக்கிறது, ஏன் கெட்டிருக்கிறது என்று கேட்டவுடன் சொல்கிற காது. பல வருடம் ஸ்டூடியோவில் இருந்தவர்களுக்கும் இது உண்டு, ஆனால் அவர்கள் ஒவ்வொன்றாக அடிபட்டுக் கற்றிருப்பார்கள். நமக்குக் காரணமும் தெரியும் என்பதால், இதுவரை பார்க்காத கோளாறு வந்தாலும் ஊகிக்கலாம். உங்கள் துறையே இரைச்சல் நீக்கம். குரலைச் சுத்தம் செய்யும் வேலை ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது, அதைச் செய்யப் பலருக்கும் பிடிக்காது. இன்றைக்கு அதற்கான கருவிகள் பலவும் நரம்பியல் வலையமைப்பு என்னும் செயற்கை நுண்ணறிவில் ஓடுகின்றன. பொத்தானை அழுத்தினால் இரைச்சல் போய்விடும், கூடவே ‘ஸ’, ‘ஃப’ எல்லாம் கரைந்து, வார்த்தைகளுக்கு நடுவில் செத்த மௌனம் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அது ஏன் அப்படிச் செய்கிறது என்று தெரியும். அந்த மௌனத்துக்கடியில் அதே அறையின் ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோது அங்கே இருக்கும் மெல்லிய இரைச்சலை, திரும்பப் பரப்ப வேண்டும் என்பதை மட்டும் யாராவது எடிட்டரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் இரைச்சலை எடுக்கச் சம்பளம் வாங்கிய நீங்கள், இனி அதைத் திரும்ப வைக்கச் சம்பளம் வாங்குவீர்கள்.

மறைத்தல், அதாவது ஒரு சத்தம் இன்னொன்றைக் கேட்கவிடாமல் செய்வது, பற்றிப் படித்ததும் தினமும் கை கொடுக்கும். மழை காட்சியில் வசனம் கேட்கவில்லை என்றால் மழையைக் குறை என்பார்கள். குறைத்தால் மழை செத்துவிடும். மழையில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் கொஞ்சம் பள்ளம் பறித்து, அதுவும் பேசும் நேரத்தில் மட்டும், மெய்யெழுத்துகளுக்கு வழி விட்டால் போதும். மழை அப்படியே இருப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அதே மாதிரி இன்னொன்று: பெரும்பாலான ஃபோன் ஸ்பீக்கர்களில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் வராது. 60 ஹெர்ட்ஸில் நீங்கள் ஆசை ஆசையாகச் செய்த உறுமல் அங்கே காணாமல் போகும். அதோடு 240, 300, 360 என்று மடங்குகளையும் கலந்து வைத்தால், இல்லாத அடித்தளச் சுருதியைக் காதே கட்டிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இது. நான் இதை வைத்துப் பல வருடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

படத்தோடு சத்தத்தைப் பொருத்துவதும் அப்படித்தான். 24 ஃபிரேம் ஓட்டத்தில் ஒரு ஃபிரேம் என்பது 41.7 மில்லி விநாடி. அந்த நேரத்தில் சத்தம் 14 மீட்டர் போகும். அதாவது பெரிய திரையரங்கின் பின்வரிசைக்காரர் எப்போதுமே ஒரு ஃபிரேமுக்கு மேல் தாமதமாகத்தான் கேட்கிறார், யாரும் புகார் சொல்வதில்லை. இடிக்கு முன் மின்னலைப் பார்த்துப் பழகிய மூளை தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். சத்தம் முந்தினால் பொறுக்காது. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யூ.வின் பி.டி.1359 பரிந்துரையிலேயே, சத்தம் 45 மில்லி விநாடி முந்தினால் கண்டுபிடித்துவிடுவார்கள், 125 பிந்தினால்தான் கண்டுபிடிப்பார்கள் என்று இருக்கிறது. காலடிச் சத்தத்தைக் கால் தரையில் படுகிற ஃபிரேமிலோ ஒரு ஃபிரேம் தள்ளியோ வையுங்கள், ஒருபோதும் முன்னால் வைக்காதீர்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த எடிட்டர் இந்த எண்களைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஆய்விலிருந்து இந்தப் பக்கம் வருவது விநோதமான பாதை என்று நினைக்காதீர்கள். இந்தத் துறைக்கு அடிப்படை போட்டவர்களே அந்தக் காதோடு வந்தவர்கள்தான். 1895இல் ஹார்வர்டில் இளம் இயற்பியல் ஆசிரியரான வாலஸ் சேபினிடம், புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேசுவது ஒன்றும் புரியவில்லை, சரி செய் என்றார்கள். ஒரு வார்த்தை 5.5 விநாடி சுற்றிக்கொண்டிருந்ததாம். அவரிடம் இருந்தது 512 ஹெர்ட்ஸ் ஆர்கன் குழாய் ஒன்று, நேரம் அளக்க ஒரு கருவி, அப்புறம் சொந்தக் காது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்குவார், குழாயை ஊதவிட்டு நிறுத்துவார், சத்தம் காதுக்கு மறையும்வரை எண்ணுவார், விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார். இன்றைக்கு நாம் ரிவெர்ப் பிளக்-இன்னில் திருப்புகிற விநாடிக் குமிழ் அந்த மெத்தைகளிலிருந்து வந்தது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் ஜேம்ஸ் மூரர். 1975இல் ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம், அப்புறம் பாரிஸில் இர்காம் ஆய்வு மையம், அங்கிருந்து லூகாஸ்ஃபிலிமின் ஒலிக் கணினிப் பிரிவு. 1983இல் திரையரங்குகளில் ஒலிக்கத் தொடங்கிய டி.எச்.எக்ஸ். (திரையரங்க ஒலித் தரச் சான்று) சின்னத்தின் அந்தப் பெரிய எழும்பும் ஒலி அவர் செய்தது. முப்பது குரல்கள் 200 ஹெர்ட்ஸுக்கும் 400 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் தறிகெட்டு அலைந்து, கடைசியில் பெரிய ஒரு சுரக்கூட்டில் வந்து நிலைகொள்ளும். அதைச் செய்ய ஏறக்குறைய 20,000 வரி நிரல் எழுதினார். அந்த அலைச்சல் தற்போக்கு எண்களால் வருவது என்பதால் நிரலை ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் ஒலி வேறு மாதிரி வரும். அத்தனையிலும் ‘இதுதான்’ என்று ஒன்றை எடுத்தாரே, அந்த வேலையைத்தான் நீங்கள் இனி தினமும் செய்யப் போகிறீர்கள்.

எந்த வாசல் வழியாக நுழைவது என்பதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. எல்லோரும் சினிமாவைத்தான் பார்க்கிறார்கள். உங்களைப் போன்றவருக்கு அது கடைசி வாசலாக இருக்கட்டும். அங்கே வேலை பழக்கத்தின் மூலம்தான் நகர்கிறது. உங்களுக்கு இன்னும் பழக்கம் இல்லை. விளையாட்டு ஒலியைப் பாருங்கள். அங்கே ஒரு சத்தத்தைச் செய்தால் மட்டும் போதாது. விளையாடுபவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு வேகம், சுவர் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து அது நொடிக்கு நொடி மாற வேண்டும். வைஸ், எஃப்மோட் போன்ற கருவிகளில் அதற்கான விதிகளை எழுதுகிறார்கள். நிரலும் தெரியும், காதும் உண்டு என்பவர்கள் அங்கே அதிகம் இல்லை. தலையைச் சுற்றிச் சத்தம் எப்படி மாறுகிறது என்று படித்தவருக்கு மெய்நிகர் கண்ணாடிகளுக்கான ஒலியும் அப்படியே கையில் வந்து விழும்.

இன்னொரு வாசல், பலருக்குத் தெரியாதது, பொருட்களுக்கான ஒலி. மின்சாரக் கார் மெதுவாக வரும்போது சத்தமே இருக்காது, தெருவில் நடப்பவருக்கு ஆபத்து. அதனால் ஐ.நா.வின் 138ஆவது ஒழுங்குமுறைப்படி 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாகச் சத்தம் எழுப்ப வேண்டும். 10 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20இல் 56. வேகம் கூடும்போது சுருதியும் கூட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய மின்சாரக் கார்களுக்கும் இது கட்டாயம். எரிச்சல் தராமல், நகரத்து இரைச்சலில் மறையாமல், அந்த நிறுவனத்தின் கார் என்று தெரிகிற மாதிரி ஒரு சத்தம் வேண்டும். அளவீட்டு அறிக்கையும் கூடவே வேண்டும். அந்த அறிக்கையைப் படிக்கத் தெரிந்த சவுண்ட் டிசைனரைத் தேடித்தான் பிடிக்கிறார்கள். என் வருமானத்தில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட வேலைகள்தான். மருத்துவக் கருவியின் எச்சரிக்கை ஒலி, லிஃப்ட் கதவின் மணி. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இப்போது பணம், ஒப்பந்தம். இதில் எனக்கு அடி விழுந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது எழுதிய நிரல், சொந்த நேரத்தில் எழுதியதாக இருந்தாலும், நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். என் ரிவெர்ப் நிரலை யாரும் கேட்கவில்லை என்றேனே, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க முடியாது. அது என்னுடையதே இல்லை என்று இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இரவு நேரத்துக் குறும்பட வேலைக்கே அனுமதி தேவையா என்று பாருங்கள். தேவை என்றால் இப்போதே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள், இப்போது கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

தனியாக வேலை செய்பவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் வில்லன்கள் இல்லை, முடிவெடுக்கத் தெரியாத நல்லவர்கள். ஒரு விளம்பரத் தயாரிப்பு நிறுவனத்துக்கு முப்பது விநாடிப் படம் ஒன்று செய்தேன். திருத்தம் எத்தனை தடவை என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை, நம்பிக்கையில் இறங்கிவிட்டேன். ‘ஃபைனல்’ என்று பெயரிட்ட கோப்பு, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் புதுசு’ என்று ஒன்பதாவது வரைக்கும் போனது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் பக்கம் புதிதாக ஒருவர் கேட்டுவிட்டு ஒரு கருத்துச் சொல்வார். கடைசியில் முதலாவதையே எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பணம் வந்தது, மீதி வரவே இல்லை. அதற்குப் பிறகு என் கடிதத்தில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கும்: தொடங்கும் முன் பாதித் தொகை; இரண்டு திருத்தம் வரை இந்தத் தொகைக்குள், அதற்குமேல் நாள் கணக்கு; அவர்கள் தரப்பில் கருத்துச் சொல்லும் ஒரே ஆளின் பெயர். மூன்றாவதுதான் என்னை அதிகம் காப்பாற்றியிருக்கிறது.

எந்த அளவில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பிய ஒளிபரப்புக்கு ஆர்.128 என்ற பரிந்துரையின்படி சராசரி உரப்பு மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு). நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை அடிப்படையாக வைத்து மைனஸ் 27 கேட்கிறது. ஒன்றுக்காகச் செய்ததை இன்னொன்றுக்கு அப்படியே அனுப்பினால் திரும்பி வரும், மிக்ஸிங் அறையை இன்னொரு நாள் எடுக்க வேண்டிவரும், அந்தச் செலவு யாருடையது என்ற சண்டை வரும். வசனம் இல்லாமல் இசையும் எஃபெக்ட்ஸும் மட்டும் தனி டிராக்காக வேண்டுமா என்றும் கேளுங்கள். வேறு மொழிக்கு டப்பிங் செய்வார்கள் என்றால் வேண்டும். அப்போது நடிகர் பேசும்போது இயல்பாகப் பதிவான காலடி, துணி உரசல் எல்லாம் வசனத்தோடு சேர்ந்து போய்விடும், ஃபோலியில், அதாவது ஸ்டூடியோவில் படத்தைப் பார்த்துக்கொண்டே சத்தம் எழுப்பிப் பதிவு செய்யும் முறையில், மறுபடி செய்ய வேண்டும். அது ஒரு வார வேலை. கடைசி நாளில் தெரியவந்தால் உங்கள் தலையில்தான் விழும்.

கட்டணம் சொல்லும்போது மாதச் சம்பளத்தை வேலை நாட்களால் வகுக்காதீர்கள். ஆய்விலிருந்து வருகிற எல்லோரும் செய்கிற தப்பு இது. என் முதல் ஆண்டில் காசு வந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன், 83. மீதி நாளெல்லாம் பேச்சுவார்த்தை, கணக்கு, சத்தம் சேகரிப்பது, பதிலுக்குக் காத்திருப்பது. வேலை முடிந்து பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் ஒரு வருட வீட்டுச் செலவு கையில் இல்லாமல் இறங்க வேண்டாம். முடிந்தால் இப்போதைய நிறுவனத்திலேயே வாரத்துக்கு இரண்டு நாள் ஆலோசகராக இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் மூன்று வருடம் அறை அளவீட்டு வேலையை விடாமல் வைத்திருந்தேன். அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது அப்போது. அந்தப் பணம் இல்லாமல் இருந்திருந்தால் நான்காவது மாதமே திரும்பிப் போயிருப்பேன்.

படிப்புக்குப் பதிலாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த ஆறு மாதத்தில், வேலையில் இருந்துகொண்டே, மூன்று வேலைகளை முடியுங்கள். மூன்றும் வேறு ஆள் எடுத்த படமாக இருக்க வேண்டும். மூன்றுக்கும் வேறு ஆள் வைத்த கெடு இருக்க வேண்டும். ஒன்றிலாவது நீங்கள் நன்றாக இருக்கிறது என்று நினைத்ததை அவர்கள் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘சரி, வேற என்ன பண்ணலாம்’ என்று தோன்றினால் வாருங்கள். ‘என் வரைபடத்தைக் காட்டட்டுமா’ என்று தோன்றினால் இன்னும் ஆறு மாதம் இருங்கள். மென்பொருள் பற்றிக் கவலை வேண்டாம். படத் துறையில் ப்ரோ டூல்ஸ், விளையாட்டில் பலரும் ரீப்பர். உங்களுக்கு ஒரு மாதம் போதும். அதைவிட, படம் பார்த்துக்கொண்டே எங்கே என்ன சத்தம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று இயக்குநரும் எடிட்டரும் பேசுகிற ஸ்பாட்டிங் அமர்வு ஒன்றில் யாரையாவது கெஞ்சி ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஒன்றரை நிமிடம்.

வெளியே மழை, நீளமான நடைவழி, ஒரு பெண் நடந்து வந்து கடைசி அறை வாசலில் நிற்கிறாள். மழை மிக நன்றாக இருக்கிறது. ஜன்னல் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது அதன் நிறம் மாறுவது தொழில்முறை வேலை. நடைவழியின் எதிரொலியும் துல்லியம். அவள் நெருங்கி வரவர நேரடி ஒலிக்கும் ரிவெர்ப்புக்கும் உள்ள விகிதத்தைச் சரியாக நகர்த்தியிருக்கிறீர்கள், கணக்குப் போட்டே செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் 38ஆவது விநாடியில் காமிரா அவள் முகத்துக்குப் பக்கத்தில் போகிறது. சத்தம் மட்டும் இன்னும் நடைவழியில், நீங்கள் மனதில் மைக் வைத்த இடத்திலேயே நிற்கிறது. நாம் அவள் முகத்தருகில் இருக்கிறோம், அவள் மூச்சு கேட்கவில்லை, அவள் செருப்பின் எதிரொலி கேட்கிறது. 38இலிருந்து 52 வரை அந்த ரிவெர்ப்பை எடுத்துவிடுங்கள். மழையையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். மூச்சு ஒன்று பதிவு செய்து வையுங்கள், உங்களுடையதாகவே இருந்தாலும் பரவாயில்லை. அவள் நிற்பதற்கு முந்தைய கடைசிக் காலடியை மொத்தமாக நீக்கிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏன் என்று யோசிக்கும் முன் எனக்கு அனுப்பிவிடுங்கள்.